மூடிய கடல் யாருக்காக?
மன்னார் வளைகுடாவில் மீனவரும் முக்குளிப்போரும்

உலகக் கடற்பரப்பில் 30 விழுக்காட்டை 2030-ஆம் ஆண்டுக்குள் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்குவோம் என்று, 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் கூடிய நாடுகள் ஒப்புக்கொண்டன. அதே ஆண்டு செப்டம்பரில், பாக் வளைகுடாவில் 448 சதுர கிலோ மீட்டர் கடற்பகுதியைக் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மறுபுறம், கடலுக்கடியில் சென்று பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் கண்டு மகிழும் ஸ்கூபா முக்குளிப்பு நம் நாட்டில் வேகமாக வளர்ந்து வருகிறது. அந்தமான், இலட்சத்தீவு, கர்நாடகத்தின் நேத்ராணி தீவு, புதுச்சேரி எனப் பல இடங்களில் இதற்கான பயிற்சி நிலையங்கள் உள்ளன. இராமேசுவரம், தூத்துக்குடி கடற்கரைகளின் மீதும் சுற்றுலாத் துறையினரின் பார்வை விழுந்திருக்கிறது.

கடலைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கடலைக் கண்டு மகிழ்வதும் தவறல்ல. ஆனால் அதே கடலில்தான் பல்லாயிரம் குடும்பங்களின் உலை கொதிக்கிறது. காப்பவர், களிப்பவர், பிழைப்பவர் ஆகிய மூவருக்கும் ஒரே கடலில் இடம் உண்டா? இடம் கொடுக்க முடியாதபோது முதலில் வெளியே நிறுத்தப்படுபவர் யார்? இக்கேள்விகளை மன்னார் வளைகுடாவை முன்வைத்துச் சிந்திப்போம்.

மூடுவது நமக்குப் புதிதல்ல

தூத்துக்குடி தொடங்கி நீளும் நமது கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்ற பெயர் உண்டு. இங்கே கடலில் மூழ்குவது விளையாட்டாக இருந்ததில்லை. அது உயிரைப் பணயம் வைத்துச் செய்த தொழில். இடுப்பில் கயிறும், காலடியில் கல்லும், கழுத்தில் பையுமாக ஒரே மூச்சில் இறங்கி ஏறியவர்கள் நம் முன்னோர். அவர்களைக் குளியாளிகள் என்றே அழைத்தனர்.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த ஒன்றல்ல என்பதை நாம் மறந்துவிட்டோம். முத்துச்சிப்பி வளரும் இடங்களைப் பார் என்பார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகள் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவை முற்றிவிட்டன என்று உறுதியான பிறகே குளிப்பை அறிவித்தார்கள். சில வாரங்கள் மட்டும் குளிப்பு நடக்கும். பிறகு பல ஆண்டுகள் பார்கள் மூடிக் கிடக்கும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, மீதி அரசுக்கு. இந்தப் பங்கீடு நியாயமானது என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், கடலை மூடி வைத்தால் அது திறக்கும் நாளில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது குளியாளிக்குத் தெரிந்திருந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி பெருகவில்லை, அத்தொழில் முடிந்துபோயிற்று.

ஆகவே, கடலைச் சில காலம் மூடி வைக்கும் வழக்கத்தை வெளியிலிருந்து வந்து யாரும் மீனவருக்குக் கற்றுத்தரத் தேவையில்லை. இன்றும் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. யாரைக் கேட்டு மூடுகிறோம், திறக்கும்போது பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

21 தீவுகளும் ஒரு கோடும்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே சங்கிலிபோல் 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் உள்ளன. 1986-இல் இத்தீவுகளும் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோ மீட்டர் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோ மீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று.

காக்கவேண்டிய தேவை உண்மையாகவே இருந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளப்பாறைகள் பல ஆண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டன. அலையின் வேகத்தைத் தடுத்துவந்த பாறைகள் போனதால் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்துவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு மிகவும் சுருங்கி, அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. பவளம் எடுத்தவர்களில் நம் கடற்கரையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெடி வைத்து மீன் பிடித்ததையும், தரையைச் சுரண்டும் இழுவைமடிகளால் கடலடியை உழுததையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கோடு போடப்பட்டபோது தங்களை யாரும் கேட்கவில்லை என்பது தீவுகளை நம்பி வாழ்ந்தவர்களின் நீண்ட நாள் குறை. அதில் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன், சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளை ஒட்டிய ஆழமற்ற நீரில் மூழ்கி, பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பறித்து வந்தவர்கள். மருந்து, உணவு, துணி எனப் பல தொழில்களுக்கு மூலப்பொருளாகும் பாசி அது. பூங்காவின் எல்லைக்குள் போனால் இப்பெண்கள் சட்டத்தை மீறியவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கும் ஒரு தாய், தான் பிறந்த ஊரின் கடலில் அத்துமீறியவள் ஆகிறாள்.

இப்பெண்கள் முறையிட்டதோடு நிற்கவில்லை. மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் கருவிகளைத் தவிர்ப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, 2015-ஆம் ஆண்டில் தீவுகளின் சூழலைக் காப்போருக்கு வழங்கப்படும் சீக்காலஜி பன்னாட்டு விருது கிடைத்தது. உலகம் பாராட்டிய இந்தக் காவலர்களைத்தான் சட்டம் வேலிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

இன்னொரு முக்குளிப்பு

இச்சூழலில் பொழுதுபோக்கு முக்குளிப்பை எப்படிப் பார்ப்பது? முதலில் அதன் நன்மைகளைச் சொல்லிவிடுவோம். கடலடியைக் கண்ணால் கண்டவர் கடலை நேசிக்கத் தொடங்குகிறார். கைவிடப்பட்ட வலைகள் பாறையில் சிக்கி, யாருக்கும் பயனின்றி மீன்களைக் கொன்றுகொண்டிருப்பதை முக்குளிப்போர் கண்டு அகற்றுகிறார்கள். உயிருள்ள ஒரு மீனை நூறு பேர் பார்த்து மகிழலாம். நூறு பேரும் அதற்காகப் பணம் தருவார்கள். முறையாக நடத்தினால் இது மீனவ இளைஞருக்கு மற்றொரு வருமானம்.

தீமைகளும் உண்டு. பவளம் ஆண்டுக்குச் சில மில்லி மீட்டர் முதல் சில சென்டி மீட்டர் வரையே வளரும். பயிற்சி குறைந்த ஒருவர் உடலின் சமநிலையை இழந்து காலிலுள்ள துடுப்பால் ஒரு முறை உதைத்தால் போதும், பல ஆண்டுகளின் வளர்ச்சி நொடியில் முறிந்துவிடும். படகுகள் பாறையின்மேல் போடும் நங்கூரம் அதைவிட மோசமானது. வெயிலுக்காகப் பூசும் சில களிம்புகளிலுள்ள வேதிப்பொருட்கள் பவளத்தை நஞ்சாகத் தாக்குகின்றன என்பதால், பலாவ் என்ற தீவு நாடு 2020 முதல் அவற்றைத் தடை செய்துள்ளது. ஆமையைச் சுற்றி இருபது பேர் மொய்த்தால் அது மேய முடியாது, மூச்சுவிட மேலே வரவும் தயங்கும்.

நமது கடற்கரையில் மூழ்குவோர் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்வோம். அவர்கள் சங்கு குளிப்பவர்கள். படகில் காற்றழுத்த இயந்திரத்தை ஓடவிட்டு, ஒரு குழாயை வாயில் கவ்விக்கொண்டு பல மணி நேரம் கடலடியில் சங்கு தேடுகிறார்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம், மரணம் வரை நேரலாம். சுற்றுலாப் பயணியுடன் ஒரு பயிற்றுநர் இறங்குகிறார். ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கருவி கையில் இருக்கிறது. உடல்நிலைச் சான்று கேட்கப்படுகிறது. சங்குகுளிக்குப் போகும் நம் இளைஞனிடம் இவற்றில் எத்தனை இருக்கின்றன? ஒரே கடலில், ஒரே ஆழத்தில், ஓர் உயிருக்கு இத்தனை பாதுகாப்பும் மற்றோர் உயிருக்கு வெறும் குழாயும் என்பதை நாம் எளிதாகக் கடந்து போக முடியாது.

பிலிப்பீன்சின் இரண்டு தீவுகள்

மீன்பிடித்தலும் முக்குளிப்பும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் மோதியும் இணங்கியும் வந்துள்ள அனுபவம் பிலிப்பீன்ஸ் நாட்டில் உண்டு. அங்கே அருகருகே உள்ள சுமிலோன், அப்போ என்னும் இரு சிறு தீவுகளின் கதை நமக்கு மிகவும் பயன்படும்.

சில்லிமன் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா என்ற கடலியல் அறிஞரின் முயற்சியால், 1974-இல் சுமிலோன் தீவின் பாறையில் ஒரு பகுதி மீன்பிடிப்புக்கு மூடப்பட்டது. மீன் பெருகியது, மூடாத பகுதியில் மீனவரின் பிடிப்பும் நன்றாக இருந்தது. ஆனால் அங்கே நிலையாகக் குடியிருந்து காவல் காக்கும் ஊர் இல்லை. மீனவர்கள் எதிர்க்கரையிலிருந்து வந்தவர்கள். உள்ளூர் அரசியல் மாறியது. 1984-இல் மூடிய பகுதியில் வலைகள் இறங்கின. இரண்டே ஆண்டுகளில் மொத்தப் பிடிப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. பிடிக்க அதிக இடம் கிடைத்தது. பிடிபட்ட மீனோ குறைந்துவிட்டது!

அப்போ தீவில் வேறு வழி பின்பற்றப்பட்டது. எழுபது ஹெக்டேருக்குச் சற்றே அதிகமான அத்தீவில் சில நூறு மீனவ மக்கள் வாழ்ந்தார்கள். வெடியாலும் நஞ்சாலும் மீன்வளம் அழிந்துகொண்டிருந்தது. அல்காலாவும் அவருடைய குழுவினரும் ஊராரோடு நெடுநாள் பேசினார்கள். சுமிலோனுக்கு அழைத்துச் சென்று பெருகியிருந்த மீன்களைக் காட்டினார்கள். 1982-இல், தொடக்கத்தில் சில குடும்பங்களே முன்வந்து, தீவைச் சுற்றிய பாறையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தாங்களே மூடினார்கள். காவலுக்கும் அவர்களே நின்றார்கள். நகராட்சிச் சட்டம் அதற்குப் பின்னரே வந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மூடிய பகுதியில் பெரிய மீன்கள் பல மடங்கு பெருகின. அவை எல்லை தாண்டி வந்து மீனவரின் தூண்டிலிலும் சிக்கின. அதன்பின்தான் உலகெங்குமிருந்து முக்குளிப்போர் வந்தார்கள். அவர்கள் செலுத்திய கட்டணம் தீவின் பொதுத் தேவைகளுக்கு உதவியது.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஊர் ஒப்புக்கொண்டது. பிறகு மீன் வந்தது. கடைசியாகப் பயணி வந்தார். இதைத் தலைகீழாக்கி, பயணிக்காக முதலில் கடலை மூடினால் மீனவர் அதைத் தன்னுடையது என்று ஒருபோதும் ஏற்கமாட்டார்.

அப்போவிலும் சிக்கல்கள் வராமல் இல்லை. முக்குளிப்போரால் மீன்கள் கலைகின்றன என்று தூண்டில்காரர்கள் முறையிட்டார்கள். முக்குளிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை எதிர்க்கரையில் இருந்ததால், இலாபத்தின் பெரும்பகுதி தீவுக்கு வரவில்லை. பாறைக்குச் சேதம் ஏற்படுவதைக் கண்டு, ஒரு நாளில் இறங்குவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. 1994-இல் தீவு தேசிய அளவிலான பாதுகாப்புப் பகுதியானபோது, நிர்வாகம் ஊராரிடமிருந்து மேலே போயிற்று. கட்டணப் பணம் தலைநகர் சென்று திரும்பத் தாமதமானது. மக்கள் மனம் கசந்தார்கள். 2011, 2012 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் வீசிய புயல்கள், அவர்கள் முப்பது ஆண்டுகள் காத்த பாறையைச் சிதைத்தன. மக்கள் தாங்களே காத்தாலும் கடல் என்றும் நிலையாக இருக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் சிதைந்த பின்னும் மீண்டும் காக்க முன்வருவோர் அந்த ஊரில் இருக்கிறார்கள். சுமிலோனில் அன்று இல்லாதது அதுவே.

பிலிப்பீன்ஸ் ஆயர்கள் 1988-இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் சுற்றுமடலில் பவளப்பாறைகளின் அழிவைக் குறித்து வேதனையோடு பேசினார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 41-ஆம் பத்தியில் அதையே எடுத்தாண்டார். கடலோர மக்களின் துயரத்தை அறிந்தவர்கள் எழுதிய சொற்கள் உலகத் திருஅவையின் சொற்களாயின.

நாம் செய்ய வேண்டியவை

நம் மண்ணிலும் நல்ல தொடக்கங்கள் உள்ளன. பாக் வளைகுடா கடல்பசு பாதுகாப்பகத்தில், வலையில் சிக்கிய கடல்பசுவை உயிரோடு கடலில் விடும் மீனவருக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் பயணிகளைப் படகில் அழைத்துச் செல்லும் சுற்றுலாவில் ஊர் மக்களே பங்கேற்கிறார்கள். இவற்றிலிருந்து நான்கு காரியங்களை நாம் வலியுறுத்தலாம்.

முதலாவது, கோடு போடும் முன் கேட்க வேண்டும். கூட்டத்தில் விசைப்படகு உரிமையாளர் மட்டுமல்ல, நாட்டுப்படகு மீனவரும், சங்குகுளிகளும், பாசி எடுக்கும் பெண்களும் இருக்க வேண்டும். மாண்ட்ரியால் உடன்பாடும் உள்ளூர்ச் சமூகங்களின் உரிமைகளை மதித்தே 30 விழுக்காட்டை எட்டவேண்டும் என்கிறது. அந்தப் பாதி வாக்கியத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, முக்குளிப்புச் சுற்றுலா வருமானால் ஊருக்கே முதல் பங்கு. கட்டணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பது ஊர்ப் பலகையில் எழுதப்பட வேண்டும். கடலடியை விரல் நுனியில் வைத்திருக்கும் சங்குகுளிகளுக்கு முறையான பயிற்சியும் பாதுகாப்பான கருவிகளும் தந்து, வழிகாட்டிகளாகவும் பாறைக் கண்காணிப்பாளர்களாகவும் அமர்த்தலாம். இதற்கு அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

மூன்றாவது, பயணிக்கும் கட்டுப்பாடு வேண்டும். நங்கூரத்துக்குப் பதில் நிலையான மிதவைகள், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு, எதையும் தொடாமல் எடுக்காமல் திரும்பும் ஒழுக்கம் ஆகியவை கட்டாயமாக வேண்டும். மீனவர் வலை விரித்திருக்கும் இடத்தில் பயணிப் படகு விலகிப் போகவேண்டும். ஒருவரின் பொழுதுபோக்கு மற்றவரின் பொழுதைப் பறிக்கலாகாது.

நான்காவது, பெரிய சேதத்தை முதலில் தடுக்க வேண்டும். கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்ளது. அது மீறப்படும்போது கண்ணை மூடிக்கொண்டு, கையால் பாசி பறிக்கும் பெண்ணிடம் மட்டும் சட்டத்தைக் காட்டுவது நீதியாகாது. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் தடையின்றிக் கடலில் கலக்கும்போது, தூண்டில்காரரைத் தடுத்துப் பவளத்தைக் காப்பாற்றிவிட முடியாது. 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. அந்தச் சூட்டுக்குக் கட்டுமரக்காரரின் பங்கு மிக மிகச் சிறிது. அதன் தண்டனையோ அவருக்கே முதலில் வருகிறது.

நம் பங்குகளிலும் செய்யக்கூடியவை பல. கடலோரத் திருவிழா முடிந்த மறுநாள் மணலில் கிடக்கும் நெகிழிக் குப்பையை யார் அள்ளுகிறார்கள்? கடலடியைச் சுரண்டும் மடியைப் பற்றி நம் ஊர்க் கமிட்டிகளில் பேசுகிறோமா? கடலட்டை எடுப்பது 2001 முதல் தடை செய்யப்பட்டிருந்தும் கடத்தல் தொடர்கிறது. விரைவில் பணம் கிடைக்கும் என்று அதில் இறங்கிச் சிறைக்குச் செல்லும் இளைஞருக்கு, வேறு பிழைப்பைக் காட்ட நாம் என்ன செய்தோம்? அரசிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம்மையே கேட்டுக்கொள்ளும் கடமையும் உண்டு.

முத்துப்பார் மூடிக் கிடந்த ஆண்டுகளில் குளியாளி காத்திருந்தார், திறக்கும் நாளில் தனக்குப் பங்கு உண்டு என்பதால். இனி மூடப்படும் ஒவ்வொரு கடற்பகுதியிலும் அந்தப் பங்கு, முன்பைவிட நியாயமான அளவில், மீனவருக்கும் பாசி எடுக்கும் பெண்ணுக்கும் உறுதி செய்யப்பட வேண்டும். அப்படிச் செய்தால் தீவுகளுக்குக் காவலர் தேடி அலைய வேண்டியதில்லை. கரையில் குடியிருப்போரே காவலராவர். முகக்கண்ணாடி அணிந்து கடலைக் காண வரும் விருந்தினரும், அந்த வீட்டாரின் இசைவோடு உள்ளே வந்து, கண்டு மகிழ்ந்து திரும்பலாம்.